வெள்ளச்சிக்கு எந்தக் கட்டம்?

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்களான எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கம், ரோஜாப்பூ, மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை, பெரும்பாலும் இவைதான் வரும். போன மாதம் இவற்றுக்கு நடுவே ஒருவர் ஒரு செய்தியைப் போட்டிருந்தார். ரத்தத்தில் இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்கில் நோயாளியின் இனத்தைக் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. அதை வெளிநாட்டில் எடுத்துவிட்டார்களாம். மூன்று பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவர், ‘அப்படி ஒரு கட்டம் இருந்ததா என்ன?’ என்று கேட்டார்.

இருந்தது. அந்தக் கட்டத்தோடு நான் பதினோரு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். குழுவில் எழுதினால் ரோஜாப்பூக்களுக்கு அடியில் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேலத்தில் ஒரு வருடம். மைக்ராஸ்கோப்பை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்க்கவும், நாற்றத்தை முகத்தில் காட்டாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு ஏற்காட்டு மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சகுந்தலா. சேலத்துக்காரர். யாரையும் ‘ஏனுங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் நான் ‘ஏனுங்க சிவராஜ்’. ஏதாவது தப்புச் செய்திருந்தால் ‘ஏனுங்க சார்’. ‘ஏனுங்க அய்யா’ என்று ஆரம்பித்தால் எனக்கு வியர்த்துவிடும். இன்னொரு பழக்கம், நான் எழுதிக் கொடுக்கும் முடிவை அவர் காகிதத்தில் படித்து நம்பவே மாட்டார். லேபுக்கு நடந்து வந்து, டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்தான் திருப்தி.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் நான்தான். மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு விவசாயி சிறுநீர் கொண்டுவந்திருந்தார். சோதித்தேன். சர்க்கரை ஏராளம். டாக்டரம்மா அவருக்குச் சோற்றை நிறுத்தினார், பலாப்பழத்தை நிறுத்தினார், டீயில் சர்க்கரையை நிறுத்தினார். மனிதர் மெலிந்துகொண்டே வந்தார், சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா லேபுக்கு வந்து, “அவரு எதுலங்க கொண்டாந்தாரு?” என்று கேட்டார். காட்டினேன். தேன் புட்டி. கழுவிய மாதிரியே தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல் ‘ஏனுங்க அய்யா’.

இனி அந்த இரண்டு பெண்கள்.

மும்தாஜுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஏரிக்குப் பக்கத்தில் தொப்பியும் பொம்மையும் விற்கிற கடை அவர்களுடையது. நல்ல சிவப்பு நிறம். மூட்டுவலி என்று வந்தவரின் மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் குங்குமத்தைக் கொட்டித் தேய்த்ததுபோல் ஒரு தடிப்பு. பார்த்த உடனே நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அதே நாள், அதே பெஞ்சில், மும்தாஜுக்குப் பக்கத்தில் வெள்ளச்சி உட்கார்ந்திருந்தார். தலைச்சோலை என்ற மலைக்கிராமத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வாழ்கிற குடும்பம். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் வேலை. காலையிலிருந்து மாலைவரை வெயிலில் நின்று பலகையால் கொட்டையைத் தள்ளித் திருப்பிப் போட வேண்டும். அவருக்கும் முப்பத்து நான்கு. பேர்தான் வெள்ளச்சி, ஆள் நல்ல கருப்பு. கால் வீங்குகிறது என்று வந்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக உடம்பு அசதி, மூட்டுவலி, கொத்துக் கொத்தாக முடி உதிர்தல். முகத்தில் கரி பூசியதுபோல் ஒரு படர்வு. மங்கு என்று நினைத்து, கடைத்தெருவில் விற்கும் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அறையைவிட்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சில் இரண்டு முகம். இரண்டிலும் மூக்கின் மேல் உடலும் கன்னங்களில் இறக்கையுமாக ஒரே பட்டாம்பூச்சி. ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு. வெள்ளச்சியின் கன்னத்தை விரலால் தடவினார். தடித்திருந்தது. உள்ளே போய்த் தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

“பாருங்க சிவராஜ். இதுல படம் புடிச்சிருக்கறது பூராவும் வெள்ளைக்காரிங்க. சிவந்திருக்கும்னு எழுதியிருக்குது. அவங்களுக்குச் சிவக்கும். இந்தப் புள்ளைக்கு எப்படிங்க சிவக்கும்?”

அந்த நோய்க்கு லூபஸ் என்று பேர். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல் படை, தன் உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிடும். தோலில் தொடங்கிச் சிறுநீரகத்துக்குப் போனால் ஆபத்து. வெயில் பட்டால் இன்னும் சீறும்.

இருவரின் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். மலையில் அப்போது எங்களிடம் இருந்தது ஸ்பிரிட் விளக்குதான். டியூபில் முக்கால்வாசி சிறுநீரை ஊற்றி, அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, மேல்பாகத்தை மட்டும் சாய்வாகத் தீயில் காட்ட வேண்டும். மேலே கொதித்துக் கலங்கும், கீழே தெளிவாக இருக்கும். பிறகு அசிட்டிக் அமிலம் மூன்று சொட்டு. கலங்கல் மறைந்தால் வெறும் உப்பு. நின்றால் புரதம், அதாவது சிறுநீரகத்தில் ஓட்டை. மும்தாஜின் டியூபில் ஊதுவத்திப் புகைபோல ஒரு கலங்கல் நின்றது. வெள்ளச்சியின் டியூபில் தயிர் உறைந்ததுபோல நின்றது. டாக்டரம்மா ஜன்னலோரம் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரையும் அனுப்புவது, அதற்கு முன் வெயிலில் நிற்காமல் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மும்தாஜ் புர்காவின் முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டார். அதுவரை முகம் மூடும் வழக்கம் அவருக்கு இல்லை. மருமகளுக்குத் திடீரென்று பக்தி கூடிவிட்டதாக மாமியார் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். வெள்ளச்சிக்குக் குடை பிடிக்கும்படி டாக்டரம்மா சீட்டே எழுதிக் கொடுத்தார். சீட்டைப் படித்த எஸ்டேட் ரைட்டர், அதாவது ஆள் கணக்கு எழுதுபவர், எனக்குப் போன் செய்தார்.

“ஏனுங்க சார், பலகை தள்ள ரெண்டு கை வேணும். குடை புடிக்க மூணாவது கை இருந்தா அனுப்பி வையுங்க.”

இதைக் கேட்ட மும்தாஜ் தன் கடையிலிருந்து ஒரு குடைத்தொப்பியைக் கொண்டுவந்தார். சுற்றுலா வரும் பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொள்வார்களே, ஏழு நிறத்தில், அதுதான். வெள்ளச்சி அதைப் போட்டுக்கொண்டு களத்தில் நின்றார். சாலையில் போன கார்கள் நின்றன. ஒரு குடும்பம் இறங்கி வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டது. மலையில் ஏதோ திருவிழா என்று நினைத்திருக்கிறார்கள்.

சேலத்தில் ஒரு நாள் முழுவதும் சேர்ந்த சிறுநீரைக் கேட்டிருந்தார்கள். காலை முதல் முறையை விட்டுவிட்டு, மறுநாள் காலைவரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். மும்தாஜ் கடைக்கு மிட்டாய் வரும் இரண்டு வெள்ளைக் கேன்களைக் கழுவிக் கொடுத்தார்கள். தேன் புட்டி அனுபவத்தால் நானே மூன்று தடவை கழுவி, ஆளுக்கொன்றாகப் பேர் எழுதி ஒட்டினேன். மூவரும் பஸ் ஏறினோம்.

கண்டக்டர் கேனைக் காட்டி, “தேனுங்களா?” என்றார்.

“இல்லீங்க,” என்றேன்.

“அப்புறம் என்னங்க, எண்ணெயா? எதுவா இருந்தாலும் லக்கேஜ் டிக்கெட் எடுக்கோணும்.”

வெள்ளச்சி திரும்பிப் பார்த்து, “நான் மடியில வெச்சிருந்தாத்தானுங்க லக்கேஜு? நேத்து வரைக்கும் வயித்துக்குள்ளதானுங்க இருந்துச்சு, அதுக்கு டிக்கெட் போட்டீங்களா?” என்று கேட்டார். மும்தாஜ் முகத்திரைக்குள் சிரித்து, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கண்டக்டருக்கு விஷயம் புரிய ஒரு கொண்டை ஊசி வளைவு ஆயிற்று. அதன் பிறகு சேலம் வரும்வரை எங்கள் பக்கமே வரவில்லை. அடுத்த வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் முன்சீட்டுக்காரர் ஒருவர் நல்ல மனதோடு கேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மதியம் சீட்டு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கணக்கு ஐம்பதுக்குக் கீழே போனால் சிவப்புச் சீட்டு. நேராகச் சிறுநீரக வார்டில் சேர்த்து, சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, மருந்து தொடங்குவார்கள். ஐம்பதுக்கு மேலே இருந்தால் பச்சைச் சீட்டு. ஆறு மாதம் கழித்து வர வேண்டும். மும்தாஜுக்கு நாற்பத்து மூன்று, சிவப்பு. வெள்ளச்சிக்கு ஐம்பத்திரண்டு, பச்சை.

வெள்ளச்சி சந்தோஷப்பட்டார். “எனக்கு நொம்ப இல்லையாங்க?” என்றார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தயிர் உறைந்தது இவருடைய டியூபில்தான். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிரியாட்டினின் இருவருக்கும் ஒன்று புள்ளி நான்கு. வயது ஒன்று. இருவரும் பெண். பிறகு எப்படி இரண்டு விடை?

கவுண்ட்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார்.

“இனம்னு ஒரு கட்டம் வருதுங்க. வெள்ளையர், கருப்பர், மற்றவர். இந்த மூணுல ஒண்ணு போடாட்டி அடுத்த பக்கம் போகாதுங்க.”

“எப்படிங்க போடுவீங்க?”

“ஆளைப் பார்த்துத்தான் போடறதுங்க.”

அவர் வெள்ளச்சிக்குக் ‘கருப்பர்’ போட்டிருந்தார். மும்தாஜுக்கு ‘மற்றவர்’. வெளிநாட்டில் யாரோ எழுதிய கணக்கு அது. கருப்பின மக்களுக்குச் சதைப்பற்று அதிகம், அதனால் அவர்களுக்குக் கிரியாட்டினின் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, கருப்பர் என்று போட்டால் விடையில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது. வெள்ளச்சியின் எடையை நான்தான் பார்த்திருந்தேன். சதைப்பற்று என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. நான் கேட்டுக்கொண்டதற்காகக் கவுண்ட்டர்காரர் ஒரு வெற்றுப் பக்கத்தில் அதே எண்களைப் போட்டுக் கட்டத்தை மட்டும் மாற்றிக் காட்டினார். மற்றவர் என்றால் நாற்பத்து மூன்று. கருப்பர் என்றால் ஐம்பத்திரண்டு. மற்றவர், நோயாளி. கருப்பர், வீட்டுக்குப் போகலாம். ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றித் தட்டினார். வெள்ளச்சியின் சிறுநீரகம் கெட்டுக் கெட்டுக் குணமாகிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த மனிதர் வெள்ளச்சியைவிட ஒரு பங்கு கருப்பு.

“நீங்க உங்களுக்கு ரத்தம் பார்த்திருக்கீங்களா?”

“போன வருசம் பார்த்தேனுங்க.”

“என்ன போட்டீங்க?”

கொஞ்சம் கூச்சப்பட்டு, “மற்றவர்,” என்றார்.

“அப்ப இவங்களுக்கும் மாத்துங்க.”

“பதிவு பூட்டிக்கிச்சுங்க. இனி மாத்தோணும்னா, கருப்பர் இல்லைன்னு ஆதாரம் கொண்டாரச் சொல்லுது.”

மும்தாஜை வார்டில் சேர்த்துவிட்டு, வெள்ளச்சியும் நானும் மலைக்குத் திரும்பினோம். அடுத்த பத்து நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சான்றிதழ் கொடுக்கும் அலுவலர் ஒருவரிடம் போனோம். சாதிச் சான்றிதழ் கையில் இருந்தது. அதில் நிறம் எழுதியிருக்காது என்றார். ‘கருப்பர் அல்லர்’ என்று எழுதித் தாருங்கள் என்றேன். வெள்ளச்சியை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? நாளைக்கு யாராச்சும் நேர்ல வந்து பார்த்தா?”

வெள்ளச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால் வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது.

“ஏனுங்க, நான் கருப்புதானுங்க. எங்கம்மா கருப்பு, எங்கப்பன் கருப்பு. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா என் கிட்னி என்ன நெறம்னு அந்தப் பொட்டிக்கு எப்படிங்க தெரியும்?”

அலுவலர் மேசை இழுப்பறையைத் திறந்தார். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

டாக்டரம்மா தன் கையில் இருந்த மாத்திரையைத் தொடங்கிவிட்டார். ஆனால் சதை எடுத்துப் பார்க்காமல் கடுமையான மருந்தைக் கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு கடிதம் எழுதினார். முதல் கடிதம், நோயாளி பச்சைச் சீட்டில் இருப்பதால் ஆறு மாதம் கழித்து அனுப்பவும் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இரண்டாவது திரும்பி வரவே இல்லை. பத்தாம் நாள் வெள்ளச்சிக்கு முகமும் வீங்கிவிட்டது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க அய்யா,” என்றார். அந்த முறை கோபம் என் மேல் இல்லை.

வழி சொன்னது மும்தாஜ். வார்டிலிருந்து அவரே போன் செய்தார்.

“அண்ணே, ஆளைப் பார்த்துத்தானே போடறாங்க? பார்க்க முடியாம பண்ணிட்டா? புதுசா பதிஞ்சு புதுச்சீட்டு எடுங்க. எங்க ஊட்ல என் இன்னொரு புர்கா இருக்குது, கேட்டு வாங்கிக்குங்க.”

எனக்குப் பயம்தான். அரசாங்க வேலை. ஆனால் வெள்ளச்சி ஒரு பொய்யும் சொல்லப்போவதில்லை. தன் பேர், தன் ஊர், தன் ரத்தம். அவர் என்ன துணி உடுத்துகிறார் என்பது அவர் விருப்பம். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மும்தாஜின் மாமியார் காரணம்கூடக் கேட்காமல், தன் கையாலேயே வெள்ளச்சிக்கு அதை மாட்டி, முகத்திரையைச் சரிசெய்துவிட்டார்.

“உள்ள காத்தே வரலீங்க,” என்றார் வெள்ளச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, “ஆனா வெயிலும் வரலீங்க. தொப்பிக்கு இது தேவலை,” என்றார்.

அதே கவுண்ட்டர், அதே ஆள். தலை முதல் கால்வரை கருப்புத் துணி போர்த்த ஒருவரைப் பார்த்தார்.

“பேருங்க?”

“வெள்ளச்சிங்க.”

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. திரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது அடையாளம் தெரிந்துகொண்டார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். பிறகு குனிந்து, பேருக்குப் பொருத்தமாக ‘வெள்ளையர்’ என்று போட்டுவிட்டார். கருப்புத் துணிக்குள் போனதும் வெள்ளச்சி கருப்பர் இல்லாமல் போய்விட்டார். மாலையில் வந்த சீட்டு சிவப்பு. பதினோரு நாளில் கணக்கும் நாற்பத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

மும்தாஜுக்குப் பக்கத்துக் கட்டிலே கிடைத்தது. வார்டு டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, ‘வெள்ளை இனப் பெண்’ என்று சத்தமாகப் படித்துவிட்டு, நிமிர்ந்து கட்டிலைப் பார்த்துவிட்டு, மறுபடி ஷீட்டைப் பார்த்தார். மறுநாளே சதை எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மெமோ வந்தது. ஒரே நோயாளியின் இனம் பதினோரு நாளில் எவ்வாறு மாறியது என்பதற்கு விளக்கமும், அவர் பெயரில் எங்கள் நிலையத்தில் உள்ள பழைய பதிவுகளும் கேட்டிருந்தார்கள். விளக்கத்தை டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘நோயாளியின் இனம் மாறவில்லை. அவருக்கு இனம் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.’

பழைய பதிவுகளுக்காக லேப் ரெஜிஸ்டர்களைப் புரட்டினேன். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளுக்குப் பதினான்கு மாதம் முந்தைய ஒரு பக்கத்தில் வெள்ளச்சி, தலைச்சோலை என்று இருந்தது. என் கையெழுத்து. அசதி என்று வந்தவருக்கு ரத்தத்தின் அளவு மட்டும் பார்த்திருக்கிறேன். சிறுநீர் பார்க்கவில்லை. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. அவர் முகத்தைக் காட்டி, ‘இது என்னங்க?’ என்று கேட்டார். நான் ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டே, ‘மங்குங்க, வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு வர்றதுதான்’ என்று சொல்லி, எந்தக் களிம்பு வாங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். மும்தாஜைப் பார்த்து டாக்டரிடம் ஓடிய அதே கால்கள், அன்றைக்கு ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கவுண்ட்டர்காரர் திருடியது பதினோரு நாள். நான் திருடியது பதினான்கு மாதம்.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தை அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே மெமோ இருக்கிறது என்றார். நடந்ததை எழுதி, பக்கத்தையும் நகலெடுத்துச் சேர்த்து அனுப்பினேன். தண்டனைக்குக் காத்திருந்தேன். பதில் வந்தது. மங்கைப் பற்றியோ, பார்க்காத சிறுநீரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியை நான் பச்சை மையில் எழுதியிருந்தேனாம். பச்சை மை உயர் அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது என்பதை அறியீரோ என்று கேட்டு, கண்டித்து, என் பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள். இன்றும் இருக்கிறது.

மும்தாஜுக்கு மருந்து நன்றாகக் கேட்டது. இரண்டு வருடத்தில் மாத்திரை பாதியாகக் குறைந்தது. கடையில் உட்காருகிறார், வாரம் ஒரு முறை மாமியாரோடு சண்டை போடுகிறார். வெள்ளச்சி பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகத்தில் தழும்பாகிப்போன பகுதி தழும்பாகவே நின்றுவிட்டது. களத்து வேலை போயிற்று. இப்போது வாரம் இரண்டு தடவை பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். ஒரே பெஞ்சில், ஒரே நாளில், ஒரே நோயோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

ஓய்வுபெற்ற வாரம் தலைச்சோலைக்குப் போனேன். வெள்ளச்சி வீட்டு வாசலில், நிழல் விழும் பக்கமாக நாற்காலி போட்டு மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த ரெஜிஸ்டர் பக்கத்தைப் பற்றி, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதை, முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன்.

“தெரியுமுங்க,” என்றார்.

“தெரியுமா?”

“எங்கிட்டத்தானுங்க சொன்னீங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

பிறகு எழுந்து மெதுவாக உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு களிம்பு டப்பா இருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல் இருந்தது.

“வாசம் நொம்ப நல்லா இருந்துச்சுங்க. வீசறதுக்கு மனசு வரலை. உங்க மூஞ்சியிலயும் வெயில் பட்டு என்னமோ படர்ந்திருக்குதுங்க. கொண்டு போறீங்களா?”

அவர் கேலி செய்யவில்லை. என் கன்னத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் சரியாகத் தெரிகிறதா என்று. நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.